பத்தரை கேலன்

போன மாதம் ஷார்ஜாவிலிருந்து ஆனந்த் அழைத்தான். இருபத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்து குழி விழச்செய்த நாற்காலியில் இப்போது அவன் இருக்கிறான். மெக்கானிக்கல் படித்தவன். அந்த நாற்காலிக்குத் தகுதியுள்ள முதல் ஆள் என்றும் சொல்லலாம்.

"சார், கம்பெனில பேட்டரி பிக்கப் வாங்கலாமான்னு பேசிக்கிறாங்க. பின்னாடி ட்ரெய்லர் இழுத்தா சார்ஜ் எவ்வளவு தூரம் தாங்கும்னு டெஸ்ட் பண்ணணும். பழைய ஃபைலக் கிளறினப்ப உங்க பெட்ரோல் டீசல் ரிப்போர்ட் கெடச்சுது. என்னா ரிப்போர்ட் சார்! புதுசா சேர்றவங்களுக்கு இன்னும் அதத்தான் காட்டுறோம். எப்படிப் பண்ணீங்கன்னு ஒரு ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்களேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். யாராவது பாராட்டினால் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவது என் பழைய வியாதி. அந்த ரிப்போர்ட்டில் உள்ள எண்கள் எல்லாமே சரியானவை. சங்கடம் அங்கேதான் இருக்கிறது. அதனால் இது ரெண்டு பக்கத்தில் முடியாது. ஆனந்த் எதிர்பார்க்கிற மாதிரியும் இருக்காது.

முதலில் என் தகுதி. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. ராஜாக்களுக்குப் புத்தி பேதலிப்பதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுவேன். ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். டைப்பிஸ்டாகப் போனேன். டைப்ரைட்டர் ஒழிந்ததும் டெலிவரி நோட் எழுதுகிறவனானேன். டெலிவரி நோட்டில் எந்த வண்டி எங்கே போகிறது என்று இருக்கும் அல்லவா, அதை எழுதி எழுதியே ட்ரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். நாலாவது டெஸ்டில் சிறு வண்டி ஓட்டுவதற்கான லைட் லைசென்ஸ் கிடைத்தது. மூன்று முறை தோற்றதை என் மனைவியிடம் 'டெஸ்ட் எடுக்கிற போலீஸ் ஆள் வரவில்லை' என்று சொல்லியிருந்தேன். பொய் எனக்கு அன்றே சுலபமாக வரும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

எங்கள் கம்பெனி கட்டுமான சைட்டுகளுக்கும் கல் குவாரிகளுக்கும் கம்ப்ரஸர், ஜெனரேட்டர், டவர் லைட் வாடகைக்கு விடும். எல்லாமே இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஏற்றியவை. பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டுவர வேண்டும். பன்னிரண்டு பிக்கப் இருந்தன. அத்தனையும் பெட்ரோல்.

ட்ரெய்லர் மாட்டிய வண்டியை முன்னால் ஓட்டுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ரிவர்ஸ் எடுப்பதுதான் வித்தை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடப்பக்கம் போகும். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டால் கத்தி மடங்குகிற மாதிரி மடங்கி வண்டியின் விலாவில் வந்து இடிக்கும். பன்னிரண்டு டிரைவர்களுக்கும் இது கைவந்தது. அவர்களுக்கு மேலாளான எனக்கு வரவில்லை.

வராது என்பது, வண்டிகள் நிற்கும் எங்கள் யார்டில் ஒரே ஒருவருக்குத்தான் உறுதியாகத் தெரியும். சூப்பர்வைசர் ஆன முதல் வாரம், காலை நேரம், டிரைவர்கள் எல்லாம் கையில் டீயோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு டவர் லைட்டைச் சுவரோரம் ஒதுக்கப்போய் அதைக் குறுக்கே நிறுத்திவிட்டேன். முன்னால் போனேன், பின்னால் வந்தேன், இன்னும் குறுக்கானது. அப்போது ஏழாம் நம்பர் வண்டியின் டிரைவர் கருப்பையா ஓடிவந்தான். அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். ஜன்னலுக்குள் தலையை விட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சார், ஆபீஸ்ல ஒங்களுக்கு போன் அடிச்சுக்கிட்டே கெடக்கு. வண்டிய நான் விட்டுக்கிறேன், நீங்க ஓடுங்க" என்றான்.

ஓடினேன். போன் அடிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரே வீச்சில் டவர் லைட்டைச் சுவரோடு ஒட்டவைத்தான். அதைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நன்றி சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு ரிவர்ஸ் வராது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், டீசல் விலை பெட்ரோலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த சமயம், எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். சூடான் நாட்டு இன்ஜினியர், பெயர் உஸ்மான். என் வயதுதான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்தக் காகிதம் போனாலும் அதில் உள்ள எண்களை மட்டும் படிப்பார். யாரும் கண்ணால் பார்க்காமல் எழுதிய எண் என்று தோன்றினால், அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். பிறகு காகிதத்தை நம் பக்கம் திருப்பி, "ஹூ ஸா திஸ்?" என்பார். இதை யார் பார்த்தது? அவ்வளவுதான். பார்த்தவன் நான் என்று யாராவது சொன்னால், சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்து, துகளை ஊதிவிட்டு, கையெழுத்துப் போடுவார். என் இலக்கிய ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைக்கூட அவர் படித்ததாக எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய் அளக்கும் முறையையும் அவர்தான் கொண்டுவந்தார். மீட்டர் முள்ளை நம்பக் கூடாது. கிளம்பும் முன் டாங்க்கை வாய்வரை நிரப்பு. போய்த் திரும்பி வந்து, அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி வாய்வரை நிரப்பு. இரண்டாவது முறை பிடித்தது எவ்வளவோ அதுதான் வண்டி குடித்தது. அப்போது அங்கே எல்லாம் கேலன் கணக்கு; ஒரு கேலன் நாலரை லிட்டர் சொச்சம். ஒரு படிவமும் அச்சடித்துக் கொடுத்தார். வண்டி நம்பர், தூரம், கேலன், கடைசியில் ஒரு கட்டம்: ட்ரெய்லர் உண்டு, இல்லை.

இந்த முறையில் ஒரு மாதம் அளந்ததும் ஏழாம் நம்பர் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

மசாஃபிக்கு அப்பால் மலையில் ஒரு குவாரி. எங்கள் யார்டிலிருந்து போய்வர இருநூற்று நாற்பது கிலோமீட்டர். கருப்பையா வாரம் மூன்று தடவை அங்கே ஒரு கம்ப்ரஸரைக் கொண்டுபோய் விட்டு, சர்வீஸுக்கு உள்ளதை இழுத்து வருவான். மெக்கானிக்குகளும் அதே மாடல் பெட்ரோல் பிக்கப்பில் அதே குவாரிக்குப் போவார்கள், வெறும் டூல் பாக்ஸோடு. மெக்கானிக் வண்டி ஆறு கேலன் குடித்தது. ஏழாம் நம்பர் பத்தரை.

வித்தியாசம் ட்ரெய்லர்தான் என்று ஸ்பார்க் பிளக் தெரிந்த எவனும் சொல்லியிருப்பான். நானோ துப்பறியும் கதைகள் நிறைய வாசித்தவன். ட்ரெய்லருக்குத்தான் சொந்தமாகச் சக்கரம் இருக்கிறதே, அது பாட்டுக்கு உருண்டு வருகிறது, ஒரு கேலன் கூடும், போனால் போகிறது ரெண்டு என்று வை. மீதி இரண்டரை கேலன் எங்கே? டாங்க்கில் குழாய் விட்டு உறிஞ்சி விற்கிற டிரைவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. கருப்பையா பெட்ரோல் திருடுகிறான் என்று அழகான ஆங்கிலத்தில் ஒரு மெமோ எழுதினேன். 'ஆகவே' என்ற சொல் அதில் நாலு இடத்தில் வரும்.

உஸ்மான் என் 'ஒரு கேலன், ரெண்டு கேலன்' பக்கத்தில் புள்ளி வைத்தார்.

"யார் பார்த்தது?"

"அனுபவ மதிப்பீடு, சார்."

"யாருடைய அனுபவம்?"

அவர் ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டினார். "ஏழாம் நம்பரை நீயே எடுத்துக்கொள். கம்ப்ரஸரை மாட்டு. குவாரிக்குப் போய் வா. வாய்வரை நிரப்பி அளந்து எழுது. அதுவரை அந்த டிரைவருக்கு வண்டி வேண்டாம்."

கருப்பையாவுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவன் கோபப்படவில்லை. "நல்லதாப் போச்சு சார். நீங்களே இழுத்துப் பாத்துட்டா முடிஞ்சுபோச்சு" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "சீக்கிரமா முடிச்சிருங்க சார். இருவதாந் தேதி எனக்கு ஹெவி ரோடு டெஸ்ட்டு" என்றான். ஹெவி லைசென்ஸ் கிடைத்தால் பெரிய லாரிக்குப் போகலாம். பிக்கப் டிரைவருக்கு அது வேறு ஜாதகம். பார்க்கிங் டெஸ்ட், சிக்னல் டெஸ்ட் எல்லாம் தேறி, ரோடு டெஸ்டில் மட்டும் இரண்டு முறை தவறியிருந்தான். அதற்காக லீவில் ஊருக்குப் போவதையே தள்ளிப்போட்டிருந்தான்.

வார விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தேன். டிரைவர்கள் இருக்கமாட்டார்கள் என்று. ஆனால் டிரைவர்கள் தங்கும் கேம்ப் யார்டை ஒட்டித்தான் இருந்தது. கருப்பையா மட்டும் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"மாட்டி விடட்டுமா சார்?"

"வேணாம் வேணாம். நீ மாட்டுனா டெஸ்ட் செல்லாது. நீ போ, நான் பாத்துக்கிறேன்."

அவன் போய்விட்டான். நான் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று யோசித்தேன். அதை மாட்டவே முதலில் வண்டியை அதன் மூக்குக்கு நேராக ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அது கூட முடியும். குவாரியில்தான் சனியன் காத்திருந்தது. அங்கே கம்ப்ரஸர் நிறுத்தும் இடம் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே. ரிவர்ஸில்தான் நுழைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் குவாரி ஓடும். முப்பது பேர் நின்று பார்ப்பார்கள். போன் அடிக்கிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

கம்ப்ரஸரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஏசியைக் கூட்டிவைத்துக்கொண்டு, தைத் என்ற ஊரைத் தாண்டி, மலை ஏறி, குவாரி வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பி வந்தேன். வழியில் ரோட்டோரக் கடையில் மாதுளம்பழம்கூட வாங்கினேன். வாய்வரை நிரப்பினேன். ஆறேகால் கேலன். எழுதப்போகும்போது மனசாட்சி என்று ஒன்று உறுத்தியது. அதற்காக ஒரு கேலன் சேர்த்து ஏழேகால் என்று எழுதினேன். அந்த ஒரு கேலனைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. கடைசிக் கட்டத்தில், ட்ரெய்லர் உண்டு என்ற இடத்தில், டிக் போட்டேன்.

யார்டுக்குள் திரும்பி வந்தபோது கம்ப்ரஸர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு லுங்கியும் இரண்டு பனியனும் காய்ந்துகொண்டிருந்தன.

விசாரணை சனிக்கிழமை. உஸ்மான், நான், கருப்பையா. அவனுக்கு இந்தி அரைகுறை, ஆங்கிலம் சுத்தமாக இல்லை. உஸ்மானுக்குத் தமிழ் எப்படித் தெரியும். மொழிபெயர்ப்பாளனும் நானே. குற்றம் சாட்டியவன், சாட்சி, மொழிபெயர்ப்பாளன் மூன்றும் ஒரே ஆள் என்பது அந்த அறையில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. கல்ஃபில் அது தினப்படி நடப்பது.

உஸ்மான் ஏழேகால் பக்கத்தில் புள்ளி வைத்து என்னைப் பார்த்தார். "யார் பார்த்தது?"

"நான் பார்த்தேன்."

"கம்ப்ரஸரோடு?"

"கம்ப்ரஸரோடு."

ரப்பரை எடுத்து அழித்தார். துகளை ஊதினார். பிறகு கருப்பையாவிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

கருப்பையா என்னைப் பார்த்தான். சாருக்கு ரிவர்ஸ் வராது, கம்ப்ரஸர் இடத்தை விட்டு அசையவில்லை, அதில்தான் என் துணி காய்ந்தது என்று அவன் சொல்லியிருக்கலாம். அவனுடைய அரைகுறை இந்தியும் உஸ்மானின் அரைகுறை இந்தியும் அதற்குப் போதும். அவன் சொன்னது இதுதான்:

"நா என்னத்த சார் சொல்றது. ஒங்களுக்குத் தெரியும். நீங்களே அவருக்குச் சொல்லிருங்க."

உஸ்மான் என் பக்கம் திரும்பினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "சொல்வதற்கு ஒன்றுமில்லை என்கிறான்."

பத்து நாளில் விசா கேன்சல் ஆனது. இனி இந்த நாட்டுக்கு வர முடியாதபடி தடை முத்திரையும் அடித்தார்கள். இருபதாம் தேதி ரோடு டெஸ்ட். பதினேழாம் தேதி விமானம். ஏர்போர்ட்டுக்கு அவனை ஏற்றிப்போன வண்டி ஏழாம் நம்பர். அந்த டியூட்டி ஷீட்டிலும் என் கையெழுத்துதான்.

ஏழாம் நம்பரைக் குல் ஜமான் என்ற பாகிஸ்தானிப் பட்டாணியர் கையில் கொடுத்தேன். ஐந்து வேளை தொழுகிறவர். யார்டில் கிடக்கும் ஆணியைக்கூட எடுத்துக்கொண்டுவந்து ஆபீஸில் கொடுப்பார். முதல் நாள் கம்ப்ரஸரோடு குவாரிக்குப் போய் வந்து படிவத்தை என் மேஜையில் வைத்தார்.

"சாப், யே காடி நஹி, ஊண்ட் ஹை." இது வண்டியில்லை ஐயா, ஒட்டகம்.

பத்தரை கேலன்.

கருப்பையா அப்போது ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம்தான். நான் எழுந்து எதிரே உஸ்மானின் அறைக்குப் போயிருக்கலாம். எதிர் அறைக்குப் பதினொரு அடி. அந்தப் படிவத்தை எடுத்து இழுப்பறையில், பழைய காலண்டர்களுக்கு அடியில் வைத்தேன். பின்னால் வந்தவையும் அங்கேயே போயின.

இனி ஆனந்த் மெச்சிய ரிப்போர்ட். அந்த வருடக் கடைசியில் கம்பெனி சோதனைக்கு என்று நாலு டீசல் பிக்கப் வாங்கியது. டீசல் விலை அதிகம். அதற்குத் தக்க மைலேஜ் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்ல என்னை நியமித்தார் உஸ்மான். இம்முறை நான் ஓட்டவில்லை. டிரைவர்கள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். காலி வண்டி, ட்ரெய்லர் மாட்டிய வண்டி, இரண்டுமே. வெற்று வண்டியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பெரிய வித்தியாசமில்லை: ஆறு, ஐந்து. ட்ரெய்லரை மாட்டியதும் டீசல் ஏழுக்குள் நின்றுகொண்டது. பெட்ரோல் பத்தரைக்குப் பாய்ந்தது.

காரணத்தைக் குல் ஜமானே மலை ஏறும்போது காதால் கேட்கவைத்தார். பெட்ரோல் எஞ்சின் பாரத்தை இழுக்க வேண்டுமானால் வேகமாகச் சுற்றியாக வேண்டும். மூன்றாம் கியரில் கதறிக்கொண்டு ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் குடிக்கும். டீசல் மெதுவாகச் சுற்றியே முழு பலத்தையும் காட்டும். நாலாம் கியரில் முனகிக்கொண்டு போய்விடும். ட்ரெய்லருக்குச் சொந்தச் சக்கரம் இருப்பதெல்லாம் சமதளத்தில்தான், மலையில் அது ஒன்றரை டன் பாரம். இதை அட்டவணை போட்டு எழுதினேன். கருப்பையா எழுதினால் திருட்டாக இருந்த அதே பத்தரை, நான் எழுதியதும் கண்டுபிடிப்பாகிவிட்டது.

உஸ்மான் அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். புள்ளி வைக்கவில்லை. பத்தரை என்ற எண்ணின்மேல் பென்சில் நுனியை வைத்து அழுத்தாமல் பிடித்திருந்தார்.

"அந்த டிரைவர். ஊருக்கு அனுப்பினோமே. அவன் பெயர் என்ன?"

"ஞாபகம் இல்லை, சார்."

பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து, அடுத்த வருடம் வேலையை விட்டுப் போகும்வரை, என் காகிதங்களில் அவர் புள்ளி வைப்பதையே நிறுத்திவிட்டார். நம்பிக்கையால் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். குவாரி வண்டிகள் எல்லாம் டீசலாக மாறின. நான் அசிஸ்டெண்ட் மேனேஜர் ஆனேன்.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் காலி மைதானம் ஒன்றில் ட்ரெய்லரோடு ரிவர்ஸ் பழக ஆரம்பித்தேன். ஏன் என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டு பீப்பாய்களை நிறுத்தி, நடுவே நுழைக்கப் பார்ப்பேன். பீப்பாய்கள் தட்டையாயின. விட்டு விட்டுப் பழகியதில் ஒரு வழியாக வந்தது. வந்த மறுவாரமே, விற்கக் காத்திருந்த ஏழாம் நம்பரை எடுத்தேன். கம்ப்ரஸரை மாட்டினேன். குவாரிப் பாறைகளுக்கு நடுவே, முப்பது பேர் பார்க்க, ரிவர்ஸில் நுழைத்தேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் இதற்குத்தான் பயந்திருந்தேன்.

திரும்பி வந்து வாய்வரை நிரப்பினேன். பத்தரை. கொஞ்சம் வழிந்தது.

கருப்பையாவின் பழைய பாஸ்போர்ட் நகலின் ஓரத்தில் ஊர் போன் நம்பர் எழுதியிருந்தது. ரோலா கடைத்தெருவில் ஒரு போன் கார்டு வாங்கி, நாலு நாள் பையில் வைத்துச் சுற்றிவிட்டு, ஐந்தாம் நாள் அடித்தேன். பக்கத்து வீட்டு நம்பராம். காத்திருக்கச் சொன்னார்கள். பின்னால் டிராக்டர் சத்தம் நின்றது.

"யாரு?"

பெயரைச் சொன்னேன். கார்டில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நல்லா இருக்கீங்களா, கருப்பையா?" என்றேன். அவனை நான் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

"இருக்கேன் சார். தண்ணி டாங்க்கு ஓட்டுறேன். டிராக்டர்ல."

"கருப்பையா, ஏழாம் நம்பர்ல நான் குவாரிக்குப் போயிட்டு வந்தேன். கம்ப்ரஸரோட. பத்தரை கேலன்தான் வருது. நீங்க எழுதுனது சரி. அன்னிக்கு நான் மாட்டாமப் போனேன்."

"தெரியும் சார். துணி காஞ்சுக்கிட்டுல்ல கெடந்துச்சு."

மேனேஜர் மாறிவிட்டார், அந்தத் தடையை நீக்க இனி வழியில்லை, விசாரித்துப் பார்த்துவிட்டேன் என்று உளறினேன். அவன் குறுக்கிடவே இல்லை. கடைசியில்தான் கேட்டான்.

"இப்ப கம்ப்ரஸரோட போனீகளே, குவாரிக்குள்ள ரிவர்ஸ் யாரு சார் எடுத்தது?"

"நான்தான். கத்துக்கிட்டேன்."

"எத்தன நாளாச்சு சார் கத்துக்க?"

"ரெண்டு வருசம்."

டிராக்டர் பக்கமிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இந்தா வாரேன் என்று அங்கே ஒரு குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் சொன்னான்:

"எங்கிட்டக் கேட்டிருந்தா ரெண்டு நாள்ல சொல்லிக் குடுத்திருப்பேனே சார்."